சிம்பான் பண்ணுன காடு

எங்கள் தோட்டத்து ஆண்கள் பெண்டாட்டிகளைப் பிக்னிக் அழைத்துப்போன காலம் ஒன்று உண்டு. சொன்னால் இன்றைக்கும் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். அதுவரை என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போன இடங்கள் கோயில், தானா ராத்தா ஆஸ்பத்திரி, அவருடைய அக்காள் வீடு. இதில் ஆஸ்பத்திரிதான் எனக்குப் பிடித்தது, அங்கே யாரும் என்னைப் பாத்திரம் கழுவச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கெளம்பு புள்ள, காட்டுக்குப் பிக்னிக் போலாம்" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தேன். மண்வெட்டி இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பலகை.

ரிங்லெட் டவுனிலிருந்து மலையேறி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் உச்சியில் எங்கள் லயம், வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். லயத்துக்கும் மேலே கடைசித் தேயிலை மலை முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அந்தக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம், குளித்தோம். குழாயடியில் சண்டை போட்டதும் அந்தத் தண்ணீருக்காகத்தான். எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் காட்டிலாக்கா ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையின் வாயில் ஒரு வெள்ளைப் பலகையை நட்டார்கள். சிவப்பு எழுத்தில் மலாயில் பெரிதாக இரண்டு வார்த்தை: ஹூத்தான் சிம்பான். நட்டுவிட்டு ஆளுக்கொரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த இரண்டு வார்த்தைக்கும் எங்களுக்கு அர்த்தம் தெரியாமல் இருந்திருந்தால் ஒரு தொல்லையும் வந்திருக்காது. ஹூத்தான் என்றால் காடு. அது தோட்டத்துக் கைப்பிள்ளைக்கும் தெரியும். சிம்பான் அதைவிட நன்றாகத் தெரியும், அது எங்கள் அடுப்படி வார்த்தை. நாத்தனார் வருகிறாள், பிஸ்கட் டின்னைச் சிம்பான் பண்ணு. நல்ல சேலையைப் பெட்டியில் சிம்பான் பண்ணு. யார் கண்ணிலும் படாமல் எடுத்துப் பத்திரமாக வைப்பதுதான் எங்களுக்குச் சிம்பான். ஆகவே பலகை சொல்வது வெட்டவெளிச்சமாகப் புரிந்துபோயிற்று. அரசாங்கம் இந்தக் காட்டில் எதையோ சிம்பான் பண்ணியிருக்கிறது!

எதை என்பதுதான் கேள்வி. பதில் சொல்ல எங்கள் கங்காணி இருந்தார். என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன், அதனால் எனக்கும் மாமா. பிறந்ததிலிருந்து "தெரியாது" என்ற சொல்லை வாயில் எடுக்காதவர். நிலாவில் மண் எப்படி இருக்கும் என்று கேட்டாலும் தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலை மண்போல இருக்கும் என்று சொல்லிவிடுவார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி வந்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதையும் கொஞ்ச நேரம் படித்தார்.

"ஜப்பான்காரன் தங்கம்டா" என்றார். "அவன் சண்டையில தோத்து ஓடுறப்போ தலையில தூக்கிட்டா ஓடுனான்? இங்கதான் பொதச்சான். கவர்மெண்டுக்குத் தெரிஞ்சிபோச்சி. அதான் போர்டு."

"அப்படின்னா கவர்மெண்டே தோண்டி எடுத்துக்கலாமே மாமா?" என்றேன்.

"பேங்குல போட்டா நாலு பேருக்குத் தெரியும்லா" என்றார்.

பலகையின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. மரம் வெட்டக்கூடாது, மண் தோண்டக்கூடாது. மாமாவுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. "தோண்டாதேங்கறான் பாரு! ஒண்ணும் இல்லாத எடத்துல தோண்டாதேன்னு எவனாச்சும் சொல்லுவானா?"

ஆனால் சும்மா மண்வெட்டியோடு காட்டுக்குள் போனால் காட்டிலாக்கா ரேஞ்சர் பிடித்துக்கொள்வார். அவர் அவ்வப்போது மோட்டார் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். ஆகவே மாமா வகுத்த திட்டம்தான் பிக்னிக். பாயை விரித்துச் சோறு தின்கிறவனை யார் என்ன கேட்க முடியும்? பொம்பளை இல்லாத பிக்னிக்கை எவனும் நம்ப மாட்டான் என்பதால் எங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் என்னை வெளியே அழைத்துப்போக என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது ஜப்பான்காரன் புண்ணியத்தில்தான்.

பிக்னிக் என்றால் எங்களுக்கு என்ன? விடியுமுன்னே எழுந்து கோழி வறுத்து, சம்பல் அரைத்து, நாசி லெமாக் சோறு கட்டி, அடுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அட்டைக்கடி வாங்கி மலையேறுவது. ஆண்கள் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டுத் தோண்டுவார்கள். மண்வெட்டிச் சத்தம் வெளியே கேட்கக்கூடாதாம். தோண்டிய குழியை மூட மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே குழியில் அவர்களே விழுவார்கள். விழுந்தவர், "இங்க ஏற்கனவே எவனோ தோண்டியிருக்கான்!" என்று பதறுவார். உடனே மற்றவர்கள் இன்னும் வேகமாகத் தோண்டுவார்கள்.

ஒருதடவை துருப்பிடித்த டின் ஒன்று கிடைத்தது. மாமா அதை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "ஜப்பான் டின்" என்றார். போன மாதம் நான் சார்டின் தீர்ந்து தூக்கிப் போட்ட டின் அது. சொன்னேன். யார் கேட்டார்கள்?

கேலிக்குக் கேலி, ஆனால் எனக்கு எரிச்சலும் வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது காட்டில் சியாமாங் குரங்குகள் சேர்ந்து கூவும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நேரமாகிவிட்டது என்று ஓடுவோம். ரேடியோ நுழைந்த பிறகு அவை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. ஓடைத் தண்ணீர் திங்கட்கிழமைகளில் பால் போட்ட தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. காட்டுப் பாதை முழுக்க டின்னும் போத்தலும் பிளாஸ்டிக் பையும். கோழி எலும்புக்குக் காட்டுப்பன்றி வந்தது. பன்றிக்குப் பயந்து மாமா ஒருநாள் ஒரு சின்ன மரத்தில் ஏறி, மரத்தோடு சேர்ந்து மெதுவாக வளைந்து பன்றியின் முன்னாலேயே இறங்கினார். பன்றி பயந்து ஓடிப்போயிற்று.

இந்த நேரத்தில்தான் எங்காங் பறவையின் கதை குறுக்கே வந்தது. தமிழில் இருவாச்சி என்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்களுக்கு மலாய்ப் பெயர்தான். பெரிய பறவை. அதைவிடப் பெரிய மூக்கு. பறந்து வந்தால் மேட்டில் ஏறுகிற பழைய லோரி மூச்சு வாங்குவதுபோல இறக்கைச் சத்தம் முன்னால் வரும். காட்டோரம் கடைசித் தேயிலை மலையில் நாங்கள் கொழுந்து எடுக்கும்போது ஆண் பறவை ஒன்று தினமும் வந்து, காட்டின் விளிம்பில் நின்ற ஒரு பெரிய மரத்தில் உட்காரும். தொண்டையிலிருந்து பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து மரத்துக்கு ஊட்டும். ஆமாம், மரத்துக்குத்தான்! நாங்கள் முதலில் அப்படித்தான் நினைத்தோம். கிறுக்குப் பறவை என்று சிரித்தோம்.

பிறகு ஒருநாள் மரத்துக்குள்ளிருந்து இன்னொரு மூக்கு நீண்டு வந்து பழத்தை வாங்கிக்கொண்டது. மரப் பொந்துக்குள் பெண் பறவை! பொந்தின் வாயை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்து, மூக்கு நுழைகிற அளவுக்கு ஒரு கோடு மட்டும் விட்டிருந்தது. உள்ளே முட்டையோ குஞ்சோ இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், தேயிலை மலையில் கூடை நிறைவது நின்றுபோயிற்று. எல்லாருக்கும் அதே பேச்சு.

"பாருடி, பொண்டாட்டிய வீட்டுல வச்சிப் பூசிட்டான். ஆம்பள புத்தி எங்க போனாலும் மாறாது."

"அவளே உள்ளேருந்து பூசிக்கிட்டாளோ என்னமோ. மாமியாக்காரி வந்திருப்பா."

"எப்படியோ, தெனமும் ஆக்குற வேலை இல்ல. எனக்கு இந்த மாதிரி ஒருத்தன் கெடைச்சா நானும் பூசிக்குவேன்."

எனக்கு அந்தப் பறவைக் குடும்பத்தின்மேல் அளவில்லாத பாசம் வந்துவிட்டது. காலையில் அவன் வருகிற சத்தம் கேட்காவிட்டால் கை ஓடாது. உள்ளே இருக்கிறவளுக்கு வேறு கதியில்லை, அவன் வரவில்லை என்றால் பட்டினிதான் என்று நினைத்து மரத்தையே திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தப் பறவையை மாமாவும் பார்த்துவிட்டார். மரத்துக்குச் சோறு ஊட்டும் பறவையைப் பார்த்தால் நாங்கள் பெண்கள் குடும்பத்தைப் பார்ப்போம். மாமா புதையலைப் பார்த்தார். "பூதம்!" என்றார். "புதையலைப் பூதம் காக்கும்னு கேட்டதில்ல? தெனமும் படையல் போடுது பாரு. தங்கம் அந்த மரத்துக்குள்ளதான் இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுதும் எல்லாரும் அந்த மரத்தடியில் தோண்டினார்கள். வேர்தான் வந்தது. ரேடியோ அலறியது. ஆண் பறவை மேலே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. திங்கட்கிழமையும் வந்தது, மூக்கு நிறையப் பழத்தோடு எதிர் மரத்தில் உட்கார்ந்து, தோண்டிப் போட்ட குழிகளையே பார்த்துவிட்டு இறங்காமல் போய்விட்டது. பொந்திலிருந்து பெண் பறவையின் மூக்கு வெளியே நீண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று அழுதேன். அன்று சாயங்காலம் மாமா லயத்தில் தீர்ப்பு சொன்னார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை மரத்தையே அறுத்துவிடுவது.

"உள்ள ஒரு பொட்டப் பறவை இருக்குங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மாமா பூதம்ங்கறாரு" என்றார்.

"நான் மூக்கப் பாத்தேன்."

"பூதத்துக்கும் மூக்கு இருக்கும் புள்ள."

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? சனிக்கிழமை சாமான் வாங்க ரிங்லெட்டுக்கு இறங்கினேன். நல்லவேளையாக ரேஞ்சர் காப்பிக்கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மலாய்க்காரர், சின்ன வயது, சாந்தமான முகம். எங்கள் ஆட்களை மாட்டிவிடவும் மனமில்லை. சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்று கேட்டேன், எனக்குத் தெரிந்த மலாயில். அந்தக் காட்டில் நீங்கள் எதைச் சிம்பான் பண்ணியிருக்கிறீர்கள்?

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "ஹூத்தான்லா, காக்" என்றார், அக்காள் என்று மரியாதையாக. காட்டைத்தான் என்றார்.

"காட்டுல இருக்குறது காடு. அது தெரியும். அதுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"காட்டைத்தான் அக்கா வச்சிருக்கோம். காடு, மரம், தண்ணி, பறவை. அப்படியே இருக்கட்டும்னு." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிஸ்கட் டின்னைச் சிம்பான் பண்ணுவார்கள். டின்னுக்குள் டின்னையே வைத்திருக்கிறோம் என்றால்? ஆனால் லோரியில் மலையேறி வரும்போது அந்த மரமும் மூக்கும் நினைவுக்கு வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று பட்டது.

லயத்தில் போய்ச் சொன்னேன். மாமா அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அங்கயே இருக்குறத எவனாச்சும் எடுத்து வப்பானா? ஒன்னய நல்லா ஏமாத்திட்டான்ம்மா. வெவரமான ஆளு."

அன்றைக்குக் குழாயடியில் பெண்கள் கூடினோம். வழக்கமாக அங்கே கூடினால் சண்டைதான். அன்று சண்டை போடவில்லை, அதற்கே லயத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஆண்கள் எழுந்து பார்த்தார்கள். அடுப்பு பற்றவில்லை. வீட்டில் பெண்டாட்டி இல்லை. நாங்கள் எல்லாரும் பலகைக்கு முன்னால் பாதையை அடைத்துப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சரிவு. காட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. நடுவில் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை. கனத்த உடம்பு, குறைந்த பேச்சு. அத்தை உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான்.

கொஞ்ச நேரத்தில் ஆண்கள் வந்தார்கள். மரம் அறுக்கிற நீள ரம்பத்தைப் பாயில் சுருட்டி இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பாய் குட்டை, ரம்பம் நீளம். இரண்டு பக்கமும் பல் இளித்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றார் மாமா.

"பிக்னிக் மாமா" என்றேன்.

"ரேடியோ இல்லாம என்னா பிக்னிக்?"

"சத்தம் போடாதீங்க. இது அந்த மாதிரி பிக்னிக்."

மாமா குரலை உயர்த்திப் பார்த்தார், தாழ்த்திப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். நான் தேயிலையைப் பார்த்துக்கொண்டேன். வெயில் ஏறியது. கடைசியில் அத்தை வாயைத் திறந்தாள். மாமாவைப் பார்த்து ஒரே வார்த்தை, "பசிக்குது."

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார், வேறு யாரிடமோ சொல்வதுபோல. அப்புறம்தான் அவருக்கு விளங்கியது. சமைக்க அவர்களை விட்டால் ஆளில்லை. எங்கள் சரித்திரத்தில் முதல் தடவையாக ஆண்கள் எல்லாரும் லயத்துக்கு இறங்கி அடுப்பு மூட்டப் போனார்கள். போட்ட புகையைப் பார்த்துக் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து தீ அணைக்க ஆள் ஓடி வந்தார்கள்.

அவர்கள் சமைத்த நேரம் முழுதும் காடு அமைதியாக இருந்தது. நாங்களும் குசுகுசுவென்றுதான் பேசினோம். என் கண் அந்த மரத்தைவிட்டு அகலவில்லை. அந்த வாரம் அவன் ஒன்றிரண்டு தடவைதான் இறங்கி ஊட்டியிருந்தான், இப்போது பொந்தில் மூக்கும் தெரியவில்லை. செத்துவிட்டதோ என்று பயந்தேன். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆண்கள் மறுபடியும் மேடேறி வந்தார்கள். மாமா ஒரு சட்டியைத் துண்டால் பிடித்துத் தூக்கி வந்தார். அடியில் தீய்ந்து மேலே வேகாத சோறு, உப்பை மறந்த பருப்பு. என் வீட்டுக்காரர் முட்டை பொரித்திருந்தார். ஓட்டோடு. அதை நீட்டும்போதுதான் தூரத்தில் அந்த லோரி மூச்சுச் சத்தம் கேட்டது.

"யாரும் அசையாதீங்க" என்றேன். என் வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார், பொத்திவிட்டேன்.

ஆண் பறவை வந்து எதிர் மரத்தில் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துக் குழிகளைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. நாங்கள் மூச்சுவிடவில்லை. பறவை ஒரே தாவலாகத் தாவிப் பொந்தருகே போய்ப் பிடித்துக்கொண்டது. மூக்கால் தட்டியது. ஒன்றும் இல்லை. மறுபடி தட்டியது. மெதுவாக, மிக மெதுவாக, கோட்டுக்குள்ளிருந்து மூக்கு வந்தது. பழம் போயிற்று. இன்னொரு பழம். இன்னொன்று. எனக்குக் கண்ணீர் கொட்டியது. பேசாத அத்தை "சாப்பிடு தாயி, சாப்பிடு" என்றாள்.

"ஏய், உள்ள ஆளு இருக்கு!" என்றார் என் வீட்டுக்காரர், என்னவோ அவரே கண்டுபிடித்ததுபோல.

மாமா தீய்ந்த சோற்றுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டியை அத்தை முன்னால் வைத்தார். அவரே குனிந்து ஒரு கரண்டி போட்டார். அத்தை முகத்தைச் சுளிக்காமல் சாப்பிட்டாள், அது அன்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ரம்பம் பாய்க்குள் சுருட்டியபடியே கீழே போயிற்று.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிக்னிக் நடந்தது. பலகைக்கு இந்தப் பக்கம்தான். எங்கள் அதிகாரத்தில் ஆண்கள் குழிகளை மூடினார்கள், டின் போத்தல்களைச் சாக்கில் பொறுக்கினார்கள். ரேடியோ வீட்டிலேயே கிடந்தது. ஒருநாள் பூச்சு உடைந்து பெண் பறவை வெளியே வந்தது. வால் இறகெல்லாம் நைந்து பார்க்கவே பரிதாபம். பின்னாலேயே ஒரு குஞ்சு, அதற்கும் அந்த மூக்கு. மாமா கைதட்டப் போனார். அத்தை முறைத்தாள். கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

தங்கம் இல்லை என்று மட்டும் மாமா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அது கம்போங் ராஜா ஊர்ப் பக்கம் இருக்கிறதாம்.

எண்பதுகளில் ரோடு நன்றாகி ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வேனில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்காங்கும் வருஷந்தவறாமல் அதே மரத்துக்கு வந்து பூசிக்கொண்டது. மாமா அப்போது வேலையைவிட்டு நின்றிருந்தார். பறவை அடைந்திருக்கும் மாதங்களில் சாப்பிட்டுவிட்டு நேரே பலகையடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் நான் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நம் தமிழ் ஆட்கள்தான், பெரிய ரேடியோவைத் தோளில் வைத்துப் பாட்டை அலறவிட்டபடி, சட்டைப் பித்தானைத் திறந்துபோட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. காட்டுக்குள் போக வேண்டும் என்றார்கள். மாமா பலகையைக் காட்டவில்லை, சட்டம் பேசவில்லை. எழுந்து கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னார், "இப்ப உள்ள போகாதீங்கப்பா. வீட்டுல பொம்பள தனியா இருக்கு. புருசன் சாப்பாடு எடுக்கப் போயிருக்கான்."

ரேடியோ உடனே நின்றது. "மன்னிச்சிக்குங்க பெரியவரே, தெரியாம வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் வந்த வழியே திரும்பினார்கள். ரேடியோ வைத்திருந்தவன் நடந்துகொண்டே தன் சட்டைப் பித்தானைப் போட்டான்.